பந்தயக் காருக்கு எட்டு புஷ்

எனக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது. அறுபதுகளின் கடைசி. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பேண்ட் போட்ட ஒரு பெண்மணி எங்கள் பிள்ளையார்பாளையம் தெருவில் கார்ச் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் இன்னொரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் தெருவின் நீளத்துக்கும், தறியில் ஏற்றும் நூலைப் பாவாக விரித்திருப்பார்கள். அன்றைக்கு அரக்கு நிறப் பட்டு. நெசவாளர் ஒருவர் பாதியில் வேலையை விட்டுவிட்டு, சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தபடி பின்பக்கமாக நடந்து வந்தார். டயர் கறுப்பு பட்டில் ஒட்டிவிடக் கூடாது என்பது அவர் கவலை.

எங்கள் வீட்டு முன்கட்டில்தான் பட்டறை. ஒரு லேத்து மிஷின், ஒரு மேஜை, ஒரு பிடிப்பான், அவ்வளவுதான். என் கணவர் தறிக்காரர்களுக்குத் திருகு, உருளை எல்லாம் கடைந்து கொடுப்பார். பம்பு செட்டு வேலையும் வரும். நான் ஐயம்பேட்டைக்காரி. எங்கள் அப்பாவுக்கு நிலமும் ஓர் ஆயில் இன்ஜினும் இருந்தன. அந்த இன்ஜின் வாரத்துக்கு மூன்று நாள் கழற்றிப் போட்டபடியே கிடக்கும், அதனால் ஸ்பேனர் பிடிப்பது எனக்குப் புதிதில்லை. வந்த மாதமே பட்டறையில் ஒரு வேலை எனக்கு என்று ஆகிவிட்டது. துளைக்குள் கையால் மரை வெட்டுகிற வேலை. மரை வெட்டும் டேப் நல்ல எஃகு, வளையவே வளையாது, ஒடியத்தான் ஒடியும். துளைக்குள் ஒடிந்து மாட்டிக்கொண்டால் சாமானே பாழ். கல்யாணமான மாதத்தில் என் கணவர் இரண்டு டேப்பை ஒடித்தார். மூன்றாவதை நான் வாங்கிக்கொண்டேன். அதோடு சரி.

வந்தவர்கள் பெங்களூர்க்காரர்கள், புருஷன் பெண்சாதி. அவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் கார்ப் பந்தயம். வேனின் பின்னால் இரும்புத் தண்டு ஒன்றைக் கட்டி, பந்தயக் காரை இழுத்து வந்திருக்கிறார்கள். வேலூர் தாண்டியதுமே பின்சக்கரம் இரண்டும் ஆடத் தொடங்கிவிட்டன. காஞ்சிபுரத்துக்கு வெளியே டீக்கடையில் விசாரித்தபோது யாரோ எங்கள் பட்டறையைச் சொல்லியிருக்கிறார்கள். பாவு விரித்த தெருவுக்குள் வேன் நுழைய முடியாததால் சக்கரத்தை மட்டும் கழற்றி உருட்டி வந்துவிட்டார்கள்.

சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தோம். இரும்புச் சக்கரம் இல்லை. நடுவில் அலுமினிய வார்ப்புத் தட்டு, சுற்றி வளையம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பத்து போல்ட். போல்ட் போய் உட்காரும் துளைகளில் மரையை அலுமினியத்திலேயே வெட்டியிருந்தார்கள். ஒரு சக்கரத்தில் மூன்று துளை, இன்னொன்றில் இரண்டு, மரை அடியோடு போய், உள்ளே வழவழவென்று இருந்தது. போல்ட்டை விரலால் பிடுங்கினால் வந்தது.

டாக்டர் பயந்துபோய், ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு முழ நீளக் குழாயைச் செருகி முறுக்கியிருக்கிறார். இதைச் சொன்னது அவர் மனைவி. டாக்டர் மறுக்கவில்லை. பாவுக்காரர் வாசலில் நின்று என்ன ஆயிற்று என்று கேட்டார். என் கணவர், "மரை கழண்டு போச்சுபா" என்றார். அந்த ஆள் பேண்ட் போட்ட பெண்மணியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "யாருக்கு?" என்று கேட்டார். நான் உள்ளே ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்த அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு அக்கா.

டாக்டர் பெரிய போல்ட்டாகப் போட்டுவிட முடியாதா என்று கேட்டார். என் கணவர் துளையின் ஓரத்தைக் காட்டினார். "ஆவாதுங்க டாக்டர். பெரிய போல்ட் போட்டா ஓரத்துல சதையே நிக்காது, வெடிச்சிடும். துளையைக் கொஞ்சம் பெருசாக்கி, உள்ள குட்டிக் குழாய் மாதிரி இரும்பு புஷ்ஷு போடலாம். வெளியில மரை, உள்ளாறயும் மரை. உங்க பழைய போல்ட்டே அதுல ஏறும்" என்றார். ஒரு பழைய பம்பின் தண்டு எங்களிடம் கிடந்தது, நல்ல இரும்பு. அதில் ஐந்து புஷ் கடைவது என்று முடிவாயிற்று. இரண்டு சக்கரத்திலும் இருபது துளைக்கும் போட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். நேரமில்லை என்றார்கள். சனிக்கிழமை காலையில் சோழவரத்தில் ஒத்திகை ஓட்டமாம், அங்கே எடுக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் பந்தயத்தில் யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று நிறுத்துவார்களாம்.

முதல் புஷ்ஷில் பாதி மரை ஏறியிருக்கும், கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என் கணவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, லேத்தின் தலையைக் கையால் சுற்றினால் மரை வெட்டிவிடலாம், ஆனால் சுற்றுகிற கை வேறு, உளியைப் பார்க்கிற கை வேறாக இருக்க வேண்டும் என்றார். அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். சீராகச் சுற்றினார். என் கணவர் நிறுத்து என்றால் அந்த இடத்திலேயே நிற்கும். ஐந்து புஷ்ஷுக்கும் வெளிமரையை அப்படியேதான் வெட்டி முடித்தோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று, பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் சக்கரத்துத் தட்டைப் பிடிப்பானில் ஏற்றினேன். கை டிரில்லை எடுத்துத் துளையில் வைத்ததும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். எத்தனையோ பேர் வாயில் டிரில் வைத்திருக்கிறேன், இதை மட்டும் பார்க்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போனார். அங்கே ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் பையிலிருந்து குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் தெருவில் வரிசை நின்றது. யாரோ ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். எல்லோர் முன்பல்லிலும் ஒரே இடத்தில் சின்னப் பள்ளம் இருப்பதைப் பார்த்து டாக்டர் வியந்துபோனார். அறுந்த இழையை முடிந்துவிட்டுப் பல்லால் கடித்துத் துண்டிக்கிற பழக்கம். "உங்க பல்லுல எல்லாம் பட்டு நூலே மரை வெட்டி வெச்சிருக்குங்க" என்று அவர் சொன்னது பட்டறைக்குள் கேட்டது.

அந்த வரிசையில் யாரோ, நீங்கள் எத்தனை மைல் வேகத்தில் ஓட்டுவீர்கள் என்று கேட்டார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் ஓட்ட மாட்டேங்க. எனக்கு வேகம்னாலே பயம். அவங்கதான் ஓட்டுவாங்க" என்று பட்டறையைக் காட்டினார். வரிசை மொத்தமும் அக்கா பக்கம் திரும்பியது. நானும்தான். அதுவரை அக்காவைத் துணைக்கு வந்தவர் என்றே நினைத்திருந்தேன்.

துளையைப் பெரிதாக்கி, டேப்பை மூலைமட்டம் வைத்து நேராக நிறுத்தி, மண்ணெண்ணெய் விட்டு விட்டு மரை வெட்டினேன். அலுமினியம் இரும்பைப் போல் இல்லை, பிசின் மாதிரி டேப்பைக் கவ்வும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சுருள் உதிர உதிரத் துடைக்க வேண்டும். என் கணவர் புஷ்ஷைத் திருகி இறக்கி, மேல்மட்டத்தோடு சமமாக்கி, அது பிறகு சுழலாமல் இருக்க விளிம்பில் மூன்று இடத்தில் உளிமுனையால் பொட்டுக் குத்தினார். மூன்று மணிக்கு ஐந்தும் முடிந்தன. போல்ட்டை மாட்டி ஸ்பேனர் போட்டேன். கல்லில் நின்ற மாதிரி நின்றது.

தெருமுனைக்குச் சக்கரங்களை உருட்டிப் போய் மாட்டினோம். காரை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். ஏதோ பழைய காரின் மேல்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு அலுமினியத் தகடு அடித்து, சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். கூரை இல்லை, கதவு இல்லை, இரண்டே இருக்கை. ஐந்தாறு மைல் ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, போல்ட்டெல்லாம் மறுபடி முறுக்க வேண்டும் என்று என் கணவர் சொன்னார். அக்கா உடனே என்னைப் பார்த்து, "அப்ப முறுக்கறவங்களும் வரணும்ல" என்றார்.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏற்கனவே உள்ளே காலை வைத்துவிட்டிருந்தேன்.

அக்கா என் பின்னலைச் சுருட்டி ஒரு கைக்குட்டையில் கட்டிவிட்டார். முந்தானையை இடுப்பைச் சுற்றி இரண்டு தடவை செருகிக்கொண்டேன். மடியில் ஸ்பேனர். கிளம்பிய முதல் நொடியில் என் முதுகு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது, வயிறு மட்டும் பிள்ளையார்பாளையத்திலேயே நின்றுவிட்டது. ராஜவீதியில் மெதுவாகத்தான் போனார், ஆனால் சத்தம் மெதுவாக இல்லை. ஜட்கா குதிரை ஒன்று காதைப் பின்னால் மடித்தது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் கடை வாசலில் பொட்டலங்களோடு அப்படியே நின்றது. கோயிலைப் பார்த்ததும் கும்பிடக் கையைத் தூக்கினேன், ஸ்பேனர் நழுவியது, அதைப் பிடித்தேன். சாமிக்கு ஸ்பேனரோடுதான் கும்பிடு போட்டேன்.

ஊரைத் தாண்டியதும் அக்கா காலை அழுத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாது. காற்று வாய்க்குள் புகுந்து கன்னத்தை உப்ப வைத்தது, அதற்கும் சிரித்தேன். புளியமரங்கள் சரசரவென்று போயின. இரண்டு பக்கமும் வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நாங்கள் இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இன்னும் வேகமாகப் போகுமா என்று கத்தினேன். அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. போயிற்று.

என் கணவர் நிறுத்தச் சொன்ன தூரத்துக்கு எங்கே நிறுத்தலாம் என்று பார்த்தால், ஐயம்பேட்டை. எங்கள் அப்பா ரோட்டோரத்தில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். கார் நின்றது, உள்ளே மகள், கையில் ஸ்பேனர். அதற்குள் அம்மா வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளையோட சண்டை போட்டுக்கினு வந்துட்டியாமா?" என்றாள். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. நான் சிரிக்கச் சிரிக்க அவளுக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. அப்பா எதையும் கேட்கவில்லை. காரைச் சுற்றி வந்து, "எத்தினி ஹெச்.பி.?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு, நம் இன்ஜினைப் போல எத்தனை இன்ஜின் அது என்று விரல் விட்டுக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

நான் மண்ணில் உட்கார்ந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். நாங்கள் புஷ் போட்ட ஐந்தும் ஒரு மயிரிழை கூட அசையவில்லை. ஆறாவதாகக் கை வைத்தது நாங்கள் தொடாத துளை. ஸ்பேனர் கொஞ்சம் இறுகியது, பிறகு வெண்ணெயில் திருகுகிற மாதிரி சுற்றிக்கொண்டே போனது. சிரிப்பு நின்றுவிட்டது. மீதி எல்லாவற்றையும் பார்த்தேன். இன்னும் இரண்டு அதே மாதிரி. குழாய் போட்டு முறுக்கியபோதே அவையும் பாதி செத்திருக்கின்றன.

அக்கா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நான் மறைக்கவில்லை. "அக்கா, இந்த மூணும் போவப் போவுது. இத்தோட ஓட்டாதீங்க. இன்னிக்கு இருட்டிடும், நாளைக்குக் காலையில போட்டுத் தரேன், ஆனா உங்களுக்கு ஒத்திகை போயிடும்" என்றேன். ஒத்திகை ஓடாவிட்டால் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். அக்கா சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். "கடைசியில நின்னா என்ன, முன்னாடி இருக்கறவங்களை எல்லாம் பார்த்துக்கிட்டே போகலாம்" என்று எழுந்தார். திரும்பும்போது மாட்டு வண்டி வேகத்தில் வந்தோம். கிளம்புவதற்குள் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, காருக்கும் அக்காவுக்கும் எனக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டிருந்தாள்.

அன்று இரவு அவர்கள் காஞ்சிபுரத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கினார்கள். சனிக்கிழமை காலையில் கரண்ட் இருந்தது. மூன்று புஷ்ஷையும் என் கணவர் ஒன்பது மணிக்குள் கடைந்துவிட்டார். முதல் இரண்டு துளை சுலபமாக முடிந்தது. மூன்றாவதில் பாதி இறங்கியதும் டேப் கிறீச்சென்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் ஒடிந்துவிடும் என்று என் விரலுக்குத் தெரிந்தது. கையை எடுக்கவும் பயம். டாக்டர் இந்தத் தடவை தெருவுக்குப் போகாமல் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னேன். கைப்பிடியை முன்னும் பின்னுமாக, நூல் அளவு, நூல் அளவாக அசைத்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் மெதுவாக, "சின்ன ஊசி ஒண்ணு விட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். பல் குழியைச் சுத்தம் செய்யும் வளைந்த ஊசியை எடுத்து வந்து, டேப்பில் சுருள் வெளியேற இருக்கும் ஓடைக்குள் விட்டு, அடைத்துக்கொண்டிருந்த சுருளை மெல்ல மெல்லக் கிளறி எடுத்தார். நீள நீளமாக மூன்று சுருள் வந்தன. அடுத்த அசைவில் டேப் பின்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. அது முழுசாக வெளியே வந்ததும் நாங்கள் நான்கு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம். டாக்டர் ஊசியைப் பார்த்து, இனிமேல் இதை வாயில் வைக்க முடியாது என்றார்.

மீதி மரையையும் வெட்டி, மூன்றாவது புஷ்ஷையும் இறக்கினோம். புறப்படும்போது அக்கா எங்களையும் பந்தயத்துக்கு வரச் சொன்னார். ஞாயிறு விடியற்காலை பஸ் பிடித்து மெட்ராஸ் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் சோழவரம் போனோம். பழைய விமான ஓடுபாதை. அவ்வளவு ஜனத்தை நான் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். வெயில், புழுதி, பெட்ரோல் வாசனை. பெண்கள் ஓட்டும் பந்தயத்துக்கு ஏழு கார். எங்கள் சிவப்புக் கார் கடைசி வரிசையில் தனியாக நின்றது.

கொடி இறங்கியதும் காது அடைத்துவிட்டது. பந்தயத்தை நான் பார்த்தேன் என்று சொன்னால் பொய். பின்சக்கரத்தைத்தான் பார்த்தேன். கார் எங்களைத் தாண்டுகிற ஒரு நொடி அந்த இரண்டு சக்கரமும் நேராகச் சுற்றுகின்றனவா, ஆடுகின்றனவா என்று மட்டும் பார்ப்பேன். நேராகச் சுற்றின. போனதும் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பேன். யார் முன்னால், யார் பின்னால் என்பதெல்லாம் என் கணவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு ஆச்சு என்றார். அஞ்சு ஆச்சு என்றார். யாரென்றே தெரியாத பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவரும் குதித்தார், அவர் வேறு ஏதோ காருக்காக. நாலு ஆச்சு என்றபோது என் கணவருக்குக் குரலே இல்லை. கடைசிச் சுற்றின் திருப்பத்தில் ஏதோ ஒன்று சிவப்புக் காரிலிருந்து கழன்று தீப்பொறி பறக்க உருண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கணவர் என்னை உலுக்கி, சக்கரம் இல்லை, புகைக்குழாய் என்றார். புகைக்குழாய் இல்லாமல் பத்து மடங்கு சத்தத்தோடு அக்கா இன்னொரு காரையும் தாண்டிக்கொண்டு கோட்டைக் கடந்தார். மூன்றாவது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா முகமெல்லாம் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை. என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினார். டாக்டர் சக்கரத்தின் முன் மண்டியிட்டு, குழாய் போடாத வெறும் ஸ்பேனரால் போல்ட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு புஷ்ஷும் இருந்த இடத்தில் இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி தொட்டுப் பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. ஙொய் என்று ஒரே சத்தம். நான் சொல்வது அவருக்குக் கேட்காமல் கத்தினேன், அவர் சொல்வது எனக்குக் கேட்காமல் கத்தினார். பூந்தமல்லி தாண்டியிருக்கும், அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நான் கையைக் காதில் வைத்துக் காட்டினேன். அவர் பலத்தையெல்லாம் திரட்டி, "உன் கையி மாதிரி எனக்கு வராதுமே" என்று கத்தினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா தன் புருஷனை முறைத்தார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். எனக்கு இந்தத் தடவை நன்றாகக் கேட்டுவிட்டது. ஆனாலும் கையைக் காதில் வைத்து, கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன்.